டிரினிடாட் நாட்கள் - 3: குடியிருக்க ஒரு தெரு

போர்ட் ஆஃப் ஸ்பெயினில் வீடு தேடும் வெளியூர்க்காரர் கையில் யாராவது ஒரு பட்டியலைத் திணித்துவிடுவார்கள். எங்களுக்குக் கிடைத்தது அமெரிக்க அரசு தன் தூதரக ஊழியர்களுக்குப் போட்டிருக்கும் தடைப் பட்டியல். லாவென்டில், பீத்தம், சீ லாட்ஸ், கொகொரீட், பிக்கடில்லி தெரு, சார்லட் தெருவின் தெற்குப் பாதி ஆகிய இடங்களில் அவர்கள் பகலிலும் கால் வைக்கக்கூடாது. இருட்டிவிட்டால் நகர மையம், ஃபோர்ட் ஜார்ஜ் மலை, தீவின் கடற்கரைகள் எல்லாமே கூடாது. தீவுக்கு வந்து கடற்கரைக்குப் போகாமல் என்ன செய்வது என்று நான் கேட்டேன். என் கணவர் பதில் சொல்லாமல் வாடகை விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பாயின்ட் லீசாஸ் தொழிற்பேட்டையில், ஒரு மெத்தனால் ஆலையில் வேலை.

நாங்கள் வந்திறங்கிய நேரமும் அப்படி. 2024 டிசம்பர் 30ஆம் தேதி அரசு அவசரநிலையை அறிவித்திருந்தது. அவசரநிலை என்றதும் ஊரிலிருந்து மாமனார் 1975ஐ நினைத்துக்கொண்டு பதறிப்போய்ப் போன் செய்தார். இங்கே ஊரடங்குகூடக் கிடையாது. கடைகள் திறந்திருந்தன, டபுள்ஸ் என்ற தின்பண்டம் விற்கும் சாலையோர வண்டியில் வழக்கமான கூட்டம். வாரண்ட் இல்லாமல் சோதனை போடவும் பிடித்து வைக்கவும் போலீசுக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். காரணம் கும்பல் சண்டை. 2024இல் மட்டும் கொலைகள் 620ஐத் தாண்டிவிட்டன, நாட்டின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம். மக்கள்தொகையோ ஏறக்குறைய 14 லட்சம். ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 1,500 முதல் 1,700 கொலைகள் பதிவாகின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்.

ஆனால் அந்தக் கணக்கு தீவு முழுக்கச் சமமாகப் பரவியது அல்ல. சாவுகளில் பெரும்பங்கு துப்பாக்கியால், அதிலும் பெரும்பங்கு போதைப்பொருள் வழித்தடத்துக்கும் ஏரியாவுக்கும் அடித்துக்கொள்ளும் இளைஞர் கும்பல்களுக்குள். வெனிசுவேலாக் கரை கூப்பிடு தூரம். ஆயுதமும் சரக்கும் படகில் வந்துவிடுகின்றன. குடும்பமாக வந்து சேர்கிறவர்களை மிரட்டுவது வேறு: வீடு புகுந்து கொள்ளை, கார் பறிப்பு, வாசலில் கேட் திறக்கும்போது பின்னாலேயே நுழைந்துவிடும் ஆட்கள். வீடு பார்க்கும்போது இந்த இரண்டாவது வகையைத்தான் யோசிக்க வேண்டும் என்பது எனக்குப் போகப்போகத்தான் பிடிபட்டது.

முதலில் வெஸ்ட்மூரிங்ஸ். "வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் அங்கதான்" என்று ஆலையில் எல்லாரும் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். எங்களை ஏற்றிக்கொண்ட டாக்ஸிக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவருடைய பாட்டியின் பாட்டி மதராஸிலிருந்து கப்பலேறியவராம்; அதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. இந்த நாட்டில் டாக்ஸியின் நம்பர் பிளேட் ஹெச் என்ற எழுத்தில் தொடங்கும், சொந்தக் கார் பி. பி பிளேட்டோடு டாக்ஸி ஓட்டுகிறவர்களும் ஏராளம், அதை 'பி.ஹெச்.' என்பார்கள், சட்டப்படி அது குற்றம். "எவ்வளவு மழை பெய்தாலும் பி.ஹெச்.சில் ஏறாதீர்கள் மேடம்" என்று அவர் சொன்னது தொழில் போட்டியால் மட்டும் அல்ல. 2021 தொடக்கத்தில் வேலை முடிந்து வீடு திரும்ப டாக்ஸி என்று நம்பி ஏறிய இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். நாடே மெழுகுவர்த்தியோடு தெருவுக்கு வந்தது. பெண்கள் பெப்பர் ஸ்பிரே வைத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டத்திருத்தம் அந்த ஆண்டுதான் வந்தது. அதற்கும் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும்.

கிழக்கிலிருந்து தலைநகருக்குள் நுழையும் நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம் பீத்தம், மறுபக்கம் குப்பைக்கிடங்கும் சீ லாட்ஸும். கிடங்குக்கு மேலே கரும்பிணந்தின்னிக் கழுகுகள் சுற்றிக்கொண்டேயிருக்கும். விமான நிலையத்திலிருந்து வரும் அமைச்சரும் தூதரும் இந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். 2020இல் போலீஸ் சுட்டதைக் கண்டித்து இங்குள்ளவர்கள் சாலையை மறித்தபோது நகரமே திணறியது. ஊரைத் தாண்டி மேற்கே போனால் கொகொரீட். அதுவும் பட்டியலில் இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் வெஸ்ட்மூரிங்ஸ். ஆக, பட்டியலைப் போட்டவர்களே அதில் இருக்கும் இடங்களை உரசிக்கொண்டுதான் தினமும் வீடு திரும்புகிறார்கள். சிறிய நாட்டில் நல்ல இடமும் கெட்ட இடமும் பக்கத்துப் பக்கத்து பஸ் நிறுத்தங்கள்.

வெஸ்ட்மூரிங்ஸ் அழகுதான். அடுக்குமாடிகள், நீச்சல்குளம், பன்னாட்டுப் பள்ளி, பெரிய சூப்பர் மார்க்கெட். வாடகையை அமெரிக்க டாலரில் சொல்கிறார்கள். நுழைவாயிலில் செக்யூரிட்டி எங்கள் பெயரை எழுதிக்கொண்டு, வண்டி எண்ணை எழுதிக்கொண்டு, டாக்ஸிக்காரரின் முகத்தை மட்டும் நெடுநேரம் பார்த்தார். மாடியில் காட்டிய வீட்டிலிருந்து கடல் தெரிந்தது. எதிர் வீட்டில் யார் என்று கேட்டேன். காட்ட வந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. "ஏதோ எண்ணெய்க் கம்பெனி, ஆறு மாதத்துக்கு ஒரு குடும்பம் மாறும்" என்றார். அந்த விலைக்கு வாங்குவது யாரையும் அறியாமல் இருக்கும் வசதியை என்று எனக்குப் பட்டது. சிலருக்கு அது தேவையாகவும் இருக்கலாம், குறை சொல்லவில்லை. கணவரின் ஆட்சேபணை வேறு: ஆலை தெற்கே இருப்பதால் வேலைக்குப் போக தினமும் காலையில் நகரத்தைக் கடந்தே தீர வேண்டும், மேற்கிலிருந்து உள்ளே வர இருப்பதோ ஒரு கடலோரச் சாலையும் பழைய மெயின் ரோடும். இரண்டும் ஆறு மணிக்கே நின்றுவிடும்.

திரும்பும் வழியில் டாக்ஸிக்காரர் லாவென்டில் மலையைக் கையால் காட்டினார். ஸ்டீல்பான் வாத்தியத்தின் பிறந்த வீடு என்று சொல்லத்தக்க மலை அது. எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டித் தட்டிச் சுரம் கண்டவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த மலையின் பெருமையான டெஸ்பெரடோஸ் குழு, குற்றங்கள் பெருகியதால் மலையை விட்டு இறங்கி நகரத்துக்குள் ஒத்திகை பார்க்க இடம் தேடிக்கொண்டது. வாசிக்க வருகிறவர்களும் கேட்க வருகிறவர்களும் ராத்திரியில் மேலே ஏறப் பயந்தார்கள். எங்கே இருப்பது என்ற கேள்வி வெளிநாட்டுக்காரனுக்கு மட்டும் உரியதல்ல. நமக்காவது ஒப்பந்தம் முடிந்தால் ஊர் இருக்கிறது.

செயின்ட் ஜேம்ஸ் எனக்கு மிகவும் பிடித்தது. பெரு எஸ்டேட் என்ற பழைய கரும்புத் தோட்டம் இருந்த இடம். ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்கள் குடியேறிய பகுதி. தெருப்பெயர்களைப் பார்த்தாலே தெரியும்: கல்கத்தா தெரு, டெல்லி தெரு, லக்னோ தெரு, பாட்னா தெரு, மதராஸ் தெரு. மதராஸ் தெருவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளாமல் எந்தத் தமிழனும் நகர மாட்டான், நானும் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் நேபால் தெரு. வி.எஸ். நைபாலின் அப்பா 1940களில் கடன்பட்டு வாங்கிய 26ஆம் எண் வீடு அங்கே இன்றும் நிற்கிறது, பாதுகாக்கிறார்கள். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று ஆயுள் முழுக்கத் தவித்த அந்த மனிதரை வைத்துத்தான் மகன் 1961இல் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' எழுதினார். பெட்டி அடுக்கியதுபோல் குறுகலான, செங்குத்தான வீடு. அதன் ஜன்னல்களை எண்ணிக்கொண்டிருந்த என்னை டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். செயின்ட் ஜேம்ஸ் தூங்காத இடம். மெயின் ரோட்டில் நள்ளிரவிலும் ரொட்டிக் கடையும் பாட்டும் நடக்கும். கூட்டம் இருக்கும்வரை பயமில்லை என்றார்கள். அதிகாலை ஷிஃப்டுக்கு நான்கு மணிக்கே கிளம்பும் நாட்களில் கணவருக்கு அந்தக் கூட்டம் கலைந்த நேரம்தான் கிடைக்கும். அதனால் செயின்ட் ஜேம்ஸும் போயிற்று.

கடைசியில் எங்களை இழுத்தது மேப்பில் இருந்த ஒரு சந்திப்பு. கிழக்கு நெடுஞ்சாலையும் தெற்கு நெடுஞ்சாலையும் கிராண்ட் பஜார் அருகே கூடுகின்றன. காலையில் தீவே அந்தச் சந்திப்பு வழியாகத் தலைநகரை நோக்கி நகரும். அதற்குக் கொஞ்சம் கிழக்கே இருக்கும் செயின்ட் அகஸ்டினில் குடியிருந்தால் கணவர் எதிர்த்திசையில் தெற்கே போகலாம், முக்கால் மணி நேரத்துக்குள் ஆலை. இருட்டில் நெரிசலில் நிற்கும் வண்டிதான் இங்கே எல்லாருக்கும் பயம். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை யாரும் தொடுவதில்லை. வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகம் அங்கேதான், அதனால் தெருவில் எப்போதும் மாணவர் நடமாட்டம். பெரிய அரசு மருத்துவமனையான மவுன்ட் ஹோப் பக்கத்தில். தலைக்கு மேலே மலையில் செயின்ட் பெனடிக்ட் மடம்.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கீழே அவர், மேலே எங்களுக்கு. வீடு காட்டும்போது சமையலறைக்கு முன் ஜன்னல்களைத்தான் காட்டினார். இங்கே எல்லா வீட்டிலும் ஜன்னல், வராந்தா, பின்கதவு என்று இரும்புக் கம்பி அடைப்பு உண்டு; 'பர்க்லர் புரூஃப்' என்கிறார்கள். "1990க்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு கம்பி கிடையாது" என்றார். அந்த ஆண்டு ஜூலையில் ஆயுதக் குழு ஒன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையே பிணை பிடித்தது, நகரத்தில் கடைகள் சூறையாடப்பட்டன. அதற்கப்புறம் வெல்டிங் பட்டறைக்காரர்கள் பணக்காரர்கள் ஆனார்கள் என்பது அவர் கணக்கு.

படுக்கையறை ஜன்னல் கம்பிகளில் ஒன்று மட்டும் கீல் வைத்துத் திறக்கும்படி இருந்தது. உள்ளே பூட்டு. சாவி ஓர் ஆணியில் தொங்கியது. வெளியிலிருந்து கை விட்டால் எட்டாது; கட்டிலில் படுத்தபடி இருட்டில் நான் கை நீட்டினால் எட்டும். வீட்டுக்காரம்மா என்னை நிஜமாகவே படுக்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, சாவியை எடுக்க வைத்தார். "திருடனுக்குப் போட்ட கம்பி நெருப்புக்குத் தெரியாது, டார்லின்" என்றார். கம்பி அடைப்புக்குள் தீயில் சிக்கிச் செத்தவர்கள் கதை இந்தத் தீவில் எல்லாத் தெருவிலும் உண்டாம். வெஸ்ட்மூரிங்ஸிலோ வேறெங்கோ யாரும் எங்களிடம் இதைப் பேசவில்லை. வாடகையைப் பற்றி எங்களுக்குள் இருந்த தயக்கம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

கேட் விஷயத்தில் டாக்ஸிக்காரர்தான் ஆசிரியர். இரவு வீடு வந்தால் நேராக உள்ளே திருப்பாதே, ஒரு தடவை தாண்டிப் போய்ப் பார். பின்னால் விளக்கு வந்தால் நிற்காதே, சுற்றிக்கொண்டு வா. கேட்டைத் திறக்க ஒருத்தர் இறங்கினால் இன்னொருத்தர் ஸ்டியரிங்கில் இரு. வண்டியை ரிவர்ஸில் நிறுத்து, அவசரத்துக்கு மூக்கு வெளியே இருக்கட்டும். கணவர் இதையெல்லாம் ஆலைப் பாதுகாப்புப் பயிற்சிபோல எழுதிக்கொண்டார். நாங்களே ஓட்ட வாடகைக்கு எடுத்திருந்த காரை சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னதும் டாக்ஸிக்காரர்தான். அதன் பிளேட்டில் ஆர் எழுத்து இருக்கும், புதுசாய் வந்தவர் என்று கட்டியம் கூறிக்கொண்டே போகும்.

மற்ற ஏற்பாடுகளில் சென்னைக்காரருக்குப் புதிதாக எதுவும் இல்லை. குழாய்த் தண்ணீர் முறை வைத்து வரும், அதனால் எல்லா வீட்டிலும் கருப்பு பிளாஸ்டிக் டேங்க். மின்சாரம் மட்டும் 115 வோல்ட். ஊரிலிருந்து சுமந்து வந்த மிக்ஸி பெட்டியிலேயே கிடக்கிறது. புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் சூறாவளி அபூர்வம். வெள்ளம் அபூர்வமில்லை. அதனால்தான் சமவெளியில் மலிவாகக் கிடைத்த வீடுகளைப் பார்க்காமலே விட்டோம்.

எல்லாவற்றுக்கும் மேல் நாய்கள். பாட் ஹவுண்ட் என்று கேலியாகச் சொல்லும் தெருநாய் ஜாதி, வீட்டுக்கு இரண்டு. தெருமுனையில் புது ஆள் காலடி கேட்டால் முதல் வீட்டு நாய் ஆரம்பிக்கும், குரைப்பு வீடு வீடாகக் கைமாறி எங்கள் வாசலுக்கு வரும். குடிவந்த மறுநாள் வீட்டுக்காரம்மா எங்களை நடத்திக் கூட்டிப்போய் ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் நிறுத்தினார். உள்ளே இருப்பவர்களிடம், "மேல் மாடியில் புதிதாக வந்திருப்பவர்கள், இந்தியாவிலிருந்து, அசல் இந்தியாவிலிருந்து" என்று அறிமுகம். நாய்களுக்கும் எங்களை முகர்ந்து பார்க்க நேரம் கொடுத்தார். தெருவின் வாட்ஸாப் குழுவில் அன்று மாலையே சேர்த்துவிட்டார்கள்; அதில் முதலில் வந்த செய்தி, வெள்ளை நிசான் ஒன்று மூன்றாவது தடவையாகச் சுற்றுகிறது என்று. போலீஸ் எண் 999ஐ யாரோ போட்டார்கள். பத்து நிமிடத்தில் அடுத்த செய்தி: அது 14ஆம் எண் வீட்டு மருமகன், பார்க்கிங் கிடைக்காமல் சுற்றுகிறார். அவர் மாமியார் ஒரு கோபமான ஈமோஜி அனுப்பினார்.

பக்கத்துத் தெருவில் போன மாதம் வீடு புகுந்து கொள்ளை நடந்திருக்கிறது. அதையும் எங்களிடம் மறைக்கவில்லை. கணவர் நைட் ஷிஃப்ட் போகும் நாட்களில் கீழ்வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் உள்படிக்கட்டுக் கதவை வீட்டுக்காரம்மா தன் பக்கம் தாழ் போடாமல் விடுகிறார். நானும் அப்படியே. அதற்குக் கைம்மாறாக வாரத்துக்கு ஒருமுறை சாம்பார் கேட்கிறார், காரம் கூட்டி.

கார்னிவல் நெருங்குகிறது. அவசரநிலையில் லட்சம் பேர் தெருவில் ஆடுவது எப்படி நடக்கும் என்று கேட்டதற்கு வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டு, தையற்காரியிடம் எனக்கும் அளவு கொடுத்துவிட்டார். அது அடுத்த வாரம்.