ஏரிக்கரைப் பூண்டு

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர்தான் இந்தப் பயணத்துக்குக் காரணம். அவர் அறையில் தங்கியிருந்த ஒடிசாப் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஓய்வெடு, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லி அனுப்பினார்கள். டீக்கடைக்காரர், வீட்டுக்காரர், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி என்று எல்லாரும் கூடவே இன்னொன்றையும் சொன்னார்களாம்: தாங்கல் கரையில் ஒரு ஆயா இருக்கிறார், கீழாநெல்லி பறித்து அரைத்துக் கொடுப்பார், போய்ப் பாருங்கள். பையன் தேறிவிட்டான். அவனைக் கூட்டிப்போன நண்பர் மட்டும் அந்த ஆயாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "பூண்டைப் பறிக்கிறது பெரிசில்ல. எங்க பறிக்கக் கூடாதுன்னு அவங்க சொல்றதை நீங்க ஒருதரம் வந்து கேக்கணும்" என்றார். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் போனேன்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010-ல் ரெனோ நிஸான், 2012-ல் டைம்லர் லாரி என்று ஒரகடம் நிரம்பியது. பிறகு வல்லம், வடகால் என்று சிப்காட் தொழிற்பேட்டை நீண்டுகொண்டே போனது. இது ஏரிகளின் நாடு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஏரி, அதற்குக் கீழே தாங்கல் என்னும் சிறு ஏரி, பக்கத்தில் மேய்க்கால் புறம்போக்கு. இன்று கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் இடங்கள் பலவும் ஆடு மாடு மேய்ந்த தரைதான்.

ஆயா இருளர். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி இருளர் 1,89,661 பேர். மலையில் இருப்பவர்களைவிடக் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்துச் சமவெளியில் ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடியிருப்பவர்களையே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம், பார்த்தும் கடந்துபோயிருக்கிறோம். அவர் குடிசை தாங்கல் கரையின் சரிவில் இருக்கிறது. பட்டா கிடையாது. வயது கேட்டால், "எங்கப்பன் பாம்புத் தோலு வித்த காலத்துல நான் நடக்கப் பழகுனேன்" என்றார். பாம்புத் தோல் ஏற்றுமதி 1976-ல் நின்றது. அதிலிருந்து கணக்குப் பார்த்தால் ஐம்பதைத் தாண்டியவர். பார்ப்பதற்கு எழுபது சொல்லலாம்.

நாங்கள் கரைமேல் ஏறி நடந்தோம். மழை பெய்து ஈரம் காயாத மண்ணில் கீழாநெல்லி வேரோடு வரும், கருவி வேண்டாம். இரண்டு விரலால் தண்டின் அடியைப் பிடித்து ஒரு சுண்டு. மண்ணை உதறி மடியில் போட்டுக்கொள்கிறார். எனக்கு எல்லாம் ஒரே செடியாகத் தெரிந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஒன்றில் தண்டு சிவப்பாக இருந்தது. "இது செங்கீழாநெல்லி. இத யாவாரி வாங்கிக்குவான். நான் மருந்துக்குப் போட மாட்டேன்." இன்னொன்றில் காய் மேல்பக்கம் பார்த்து நின்றது. "இது மேலாநெல்லி. வேற வேலைக்கு." பிறகு சரியான செடியைத் திருப்பிக் காட்டினார். இலைக்காம்பின் அடியில் கடுகு போலப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கின. சாயங்காலம் இலை மடங்கிக்கொள்ளும் என்பதால் பொழுது சாய்ந்தபின் பறிப்பதில்லை என்றும் சொன்னார். எது எது என்று தெரியாதாம் அந்த நேரத்தில்.

தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை வாங்கிச் சோதித்த ஆய்வு ஒன்று 2010-ல் வந்தது. நான்கில் மூன்று பங்குக் கடைகளில் சரியான செடி இருந்தது. மீதிக் கடைகளில் அதன் உறவுச் செடிகள் ஐந்து இருந்தன. காய்ந்து நொறுங்கிய பிறகு பிரித்தறிய ஆய்வகம் வேண்டும். பச்சையாக இருக்கும்போது பிரித்தறிய இந்த ஆயாவின் கண் போதும்.

கரையின் முக்கால் தூரம் போனதும் அவர் பறிப்பதை நிறுத்திவிட்டார். எதிரே வாய்க்கால். அதன் இரண்டு பக்கமும் கீழாநெல்லி தளதளவென்று, முன்னே பறித்ததைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது. நான் அங்கே இறங்கப் போனேன்.

"அத வேணாம் சார்."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கும். அந்தத் தண்ணி நுரைக்கும். எங்க ஆடு ரெண்டு அதக் குடிச்சிட்டுச் செத்துச்சி. ஆடு குடிக்காத தண்ணியில வளந்தத மனுசன் வயித்துல போடலாமா?"

ரோட்டோரத்திலும் பறிக்க மாட்டார். லாரி நிறுத்துமிடம், குப்பை எரிக்கும் இடம், வேலிக்கு மருந்தடித்த இடம், எதிலும் கை வைக்க மாட்டார். ஒரு காலத்தில் குடிசை வாசலிலேயே பறித்தவர் இன்று சுத்தமான மண்ணைத் தேடி நடக்கிறார். உலக சுகாதார நிறுவனம் மூலிகை சேகரிப்புக்கு 2003-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன: சாலையோரம், கழிவுநீர் வாய்க்கால், குப்பைமேடு, தொழிற்சாலைப் பக்கம் ஆகிய இடங்களில் பறிக்கக் கூடாது. ஈயம், காட்மியம் போன்றவற்றைச் செடி வேர் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். அந்த நெறிமுறையை அவர் படித்ததில்லை. அதைக் கடைப்பிடிக்கும் ஒரே ஆளாக நான் பார்த்தது அவரைத்தான்.

அவர் கதையைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அப்பா பாம்பும் எலியும் பிடித்தவர். தோல் வியாபாரம் நின்றதும், 1978-ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து விற்று, அந்த மக்களின் அறிவுக்கே கூலி தந்த சங்கம் அது. ஆனால் இடம் கிடைத்தவர்கள் சில நூறு பேர். இவர் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. குடும்பம் சவுக்கு வெட்டப் போனது. அட்வான்ஸ் வாங்கினால் வெட்டித் தீர்க்க வேண்டும். தீர்வதற்குள் அடுத்த அட்வான்ஸ். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. தோப்புக்கு அது வந்து சேரவில்லை. தோப்பு தோப்பாக நடந்தபோது அம்மா வழியில் தென்பட்ட பூண்டையெல்லாம் பெயர் சொல்லிக் காட்டினாராம். "பள்ளிக்கூடம் அதான் சார்" என்றார். திருமணத்துக்குப் பிறகு செங்கல் சூளை. கணவர் சூளையிலேயே காய்ச்சல் கண்டு இறந்தார். அதன் பிறகு மூன்று பிள்ளைகளோடு இந்தக் கரைக்கு வந்தார்.

இரண்டாவது மகன் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் தோட்ட வேலை செய்கிறான். பழங்குடிச் சான்றிதழுக்காக அலைந்து அலைந்து பத்தாவதோடு படிப்பை விட்டவன். கம்பெனிப் புல்தரையில் மழைக்குப் பிறகு முளைக்கும் களைகளில் முதலில் வருவது கீழாநெல்லிதான். அதற்குக் களைக்கொல்லி அடிப்பது அவன் வேலை. ஆயா இதை என்னிடம் சொன்னபோது குரல் மாறவில்லை. "அவனுக்கும் பூண்டு தெரியும். அடிக்கச் சொன்னா அடிக்கணும், சம்பளம் வருது." அதற்குமேல் அதைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை.

காயவைப்பது, மூட்டை கட்டுவது எல்லாம் எங்கும் உள்ளதுதான். நிழலில் காய்கிறது. நாலு சாக்குப் பச்சை ஒரு சாக்காகச் சுருங்குகிறது. கீழாநெல்லி இல்லாத மாதங்களில் கோரைக்கிழங்கு தோண்டுவார். 2012 டெங்குக் காலத்தில் அரசு ஊரெங்கும் கொடுத்த நிலவேம்புக் குடிநீரில் சேரும் ஒன்பது சரக்குகளில் அதுவும் ஒன்று.

மருந்து செய்யும் முறையைப் பார்த்தேன். வேர், தண்டு, இலை, காய் எல்லாம் சேர்ந்த சமூலத்தைக் கழுவி, அம்மியில் தண்ணீர் விடாமல் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுக்கிறார். சிலருக்கு ஆட்டுப்பால். உப்பில்லாப் பத்தியம், எண்ணெய் கூடாது, கறி கூடாது. காசு கேட்பதில்லை, வெற்றிலை பாக்கோடு கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார். என்னை மதிக்க வைத்தது அவர் கேட்ட முதல் கேள்வி: "ரத்தம் பாத்தியா?" பார்க்காதவர்களுக்கு அவர் கொடுப்பதில்லை. வயிறு வீங்கியவர்கள், வெளுத்த மலம் போகிறவர்கள், புத்தி தடுமாறிப் பேசுகிறவர்கள் வந்தால் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்.

இது சரியான அறிவு. காமாலை ஒரு அறிகுறி. அதற்குக் காரணங்கள் பல. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே ஆறிவிடும். அந்தப் பெருமை பலமுறை மருந்துக்குப் போய்ச் சேர்கிறது. ஒடிசாப் பையன் மருந்தால் தேறினானா, நாள் ஆகித் தேறினானா என்று யாராலும் சொல்ல முடியாது. பித்தக் குழாய் அடைப்பால் வரும் காமாலைக்குப் பூண்டு உதவாது. ஹெபடைட்டிஸ் பி கதை வேறு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழு, அந்த வைரஸைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற புளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடியை நாளுக்கு மூன்று வேளை, 30 நாள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது. உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011-ல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் மதிப்பீடும், நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பறித்த செடி என்பது பலனை மாற்றுமா என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. என் தீர்ப்பு இதுதான்: கீழாநெல்லி தடுப்பூசிக்கும் மருத்துவருக்கும் மாற்று ஆகாது. ஆனால் ஆராயத் தகுந்த செடி. ஆராய்வதற்கு முதலில் சுத்தமான செடி வேண்டும்.

அந்தச் சுத்தத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? யாரும் கொடுக்கவில்லை. நான் இருந்தபோதே யாவாரி பைக்கில் வந்தார். கொக்கித் தராசில் மூட்டையைத் தொங்கவிட்டார். ஈரக் கழிவு என்று கொஞ்சம், மண் கழிவு என்று கொஞ்சம் எடையில் குறைத்தார். தீபாவளிக்குக் கொடுத்த முன்பணத்துக்கு இன்னும் கொஞ்சம் பிடித்தார். ஒரு கிலோவுக்கு ஆயா கையில் நின்ற காசுக்கு, நகரத்துக் கடையில் நூறு கிராம் பொடிகூடக் கிடைக்காது. வாய்க்கால் ஓரத்துத் தளதளப்பான பூண்டுக்கும் கரைமேல் தேடிப் பறித்த பூண்டுக்கும் யாவாரியின் தராசில் ஒரே விலை. சொல்லப்போனால் வாய்க்கால் பூண்டு எடை கூடுதலாக நிற்கும். நேர்மையாக நடப்பவர் குறைவாகச் சம்பாதிக்கும்படி இந்த வியாபாரம் அமைந்திருக்கிறது. நோயாளியின் உடம்புக்குள் போகும் பொருளை விறகு நிறுக்கிற மாதிரி நிறுக்கிறார்கள். மண்டிக்காரருக்கு லாபம், டப்பாவில் அடைக்கிறவருக்கு லாபம், லேபிளில் இயற்கை என்று அச்சடிக்கிறவருக்கு லாபம். பறிக்கிறவருக்கு முதுகுவலி. இதைச் சகித்துக்கொண்டு நாம் பாரம்பரியம் பேசுவது வெட்கக்கேடு.

சட்டமும் அவர் பக்கம் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் சிறுவனப் பொருளுக்கு உரிமை தருகிறது. ஏரிக்கரை வனம் ஆகாது. 2002 பல்லுயிர்ச் சட்டம் மரபறிவைப் பயன்படுத்தி லாபம் பார்ப்பவர்கள் மக்களுக்குப் பங்கு தர வேண்டும் என்றது. 2023 திருத்தம் நூல்களில் எழுதப்பட்ட மரபறிவுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. கீழாநெல்லி சித்த நூல்களில் இருக்கிறது. எழுதியவர்களின் அறிவுக்குப் பெயர் இருக்கிறது. நடந்து தேடுகிறவர்களின் அறிவுக்குப் பங்கு இல்லை.

வழி தெரியாமல் இல்லை. திருக்கழுக்குன்றம் பக்கம் தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் 1986-லிருந்து மூலிகை நாற்று வளர்த்து, மருந்து செய்து விற்கிறது. அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால் 1983-ல் தொடங்கியது. அதன் ஆலை ஆலத்தூரில், 2019 வரை ஒரகடத்தோடு ஒரே காஞ்சிபுரம் மாவட்டமாக இருந்த மண்ணில் இருக்கிறது. ஒரகடத்தில் ஒரு நேரடிக் கொள்முதல் நிலையம், பறித்த இடத்தைக் குறித்துக்கொள்ளும் ஒரு பதிவேடு, சுத்தமான இடத்துச் சரக்குக்குக் கூடுதல் விலை, சிப்காட் எல்லைக்குள் மிஞ்சியிருக்கும் தாங்கல் கரைகளில் மருந்தடிக்காத ஒரு பகுதி. இத்தனை கம்பெனிகளுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் எடுத்துக் கொடுத்த அரசுக்கு இது பெரிய வேலையில்லை. மாவட்ட நிர்வாகம் இதைச் செய்ய வேண்டும்.

வாசகர்களுக்கு ஒன்று. கண் மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். அதன் பிறகு கீழாநெல்லி வாங்குவதானால், இது எந்த ஊரில், எந்த மாதிரி இடத்தில் பறித்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.