கூட்டுவதற்கு முன் குறைக்க வேண்டும்

கணினியில் ஹெட்ஃபோன் சத்தம் போதவில்லை என்றால் பலரும் முதலில் தேடுவது, வால்யூமை 100-க்கு மேல் ஏற்றித் தரும் ஒரு மென்பொருளைத்தான். ஒலிக்கலவையைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் சொல்வது இதற்கு நேர் எதிரானது: கணினிக்குள் ஒலியைக் குறைக்கலாம், கூட்டக் கூடாது; கூட்டும் வேலையை வெளியே இருக்கும் ஆம்பிளிஃபையரிடம் விட்டுவிட வேண்டும். டிஜிட்டல் ஒலிக்குத் தாண்ட முடியாத ஓர் உச்சம் உண்டு. அதைத்தான் 0 டெசிபல் என்கிறோம். இன்றைய பாட்டுகளில் பெரும்பாலானவை அந்த உச்சத்தை ஏறத்தாழத் தொட்டபடியேதான் வெளிவருகின்றன. அப்படிப்பட்ட பாட்டை மென்பொருளில் இன்னும் 6 டெசிபல் ஏற்றினால், அலைகளின் முகடுகள் போக இடமில்லாமல் தட்டையாக வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். பாட்டில் இல்லாத அதிர்வெண்கள் புதிதாக முளைக்கும். குரலில் ஸகரம் கீறும். விண்டோஸ், விஸ்டா காலத்திலிருந்தே, உள்ளே 32 பிட் மிதவைப் புள்ளியில் கணக்கிட்டு, கடைசியில் ஒரு லிமிட்டரால் முகடுகளை அமுக்குகிறது. அதனால் கரகரப்பு சற்று மறையும். ஆனால் மேளத்தின் அடி, கடத்தின் நறுக்கு எல்லாம் மழுங்கிப்போகும். சத்தம் கூடியிருக்கும், பாட்டின் உயிர்ப்பு குறைந்திருக்கும்.

பிறகு ஏன் அந்த மென்பொருட்களை இத்தனை பேர் மெச்சுகிறார்கள்? காரணம் நம் காதிலேயே இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகள், சத்தம் தாழ்ந்திருக்கும்போது காது பேஸைக் குறைவாகவே உணர்கிறது என்று காட்டின. ஆகவே எந்த ஒலியையும் ஓரிரு டெசிபல் ஏற்றினாலே அது நிறைவாக, செழுமையாகத் தோன்றும். 'என்ஹான்ஸ்மென்ட்' என்ற பெயரில் வரும் பொத்தான்களில் பல இந்தப் பலவீனத்தின் மேல்தான் நிற்கின்றன. பொத்தானை இயக்கியும் நிறுத்தியும் கேட்கும்போது இரண்டின் சத்தத்தையும் சமமாக வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். அப்படிக் கேட்டால் அவற்றில் பாதி தேறாது என்பது என் கணிப்பு.

இதற்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. பழைய உரைப்பதிவுகள், இணைய வகுப்புகள், திரைப்பட வசனங்கள் எல்லாம் மிகத் தாழ்ந்த அளவில் பதிவாகியிருக்கின்றனவே, அவற்றை என்ன செய்வது? அங்கே கூட்டலாம், தடையில்லை. பதிவின் முகடு உச்சத்துக்கு 20 டெசிபல் கீழே நிற்கிறது என்றால் மேலே அவ்வளவு இடம் காலியாக இருக்கிறது. விஎல்சியில் 125 வரை ஏற்றினாலும் எதுவும் வெட்டுப்படாது. விண்டோஸில் உள்ள 'லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்' பேச்சுக்குப் பயன்படும், ஏனென்றால் அது தாழ்ந்த சொற்களைத் தூக்கி வெடிச் சத்தத்தை அடக்குகிறது. இசைக்கு அதே வேலை கேடு. பேச்சு முடிந்ததும் அதை அணைத்துவிடுவது நல்லது.

தரம் உண்மையில் உயரும் இடம் ஈக்வலைசர். ஹெட்ஃபோன்களுக்கிடையே நாம் கேட்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு, எந்த அதிர்வெண்ணை எவ்வளவு கூட்டியும் குறைத்தும் தருகின்றன என்பதில்தான் இருக்கிறது. ஹார்மனில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் நடத்திய கேட்டல் சோதனைகளில், பெரும்பாலானவர்கள் விரும்பிய ஒலிச்சமநிலை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. அந்தச் சமநிலைக்கு அருகில் ஒரு சாதாரண ஹெட்ஃபோனையும் கொண்டுவரலாம். விண்டோஸுக்கு 'ஈக்வலைசர் ஏபிஓ' இலவசமாகவே கிடைக்கிறது. இங்கேயும் விதி அதேதான். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 டெசிபல் கூட்டினால், அந்த மென்பொருளிலேயே இருக்கும் ப்ரீஆம்பை 6 டெசிபல் குறைக்க வேண்டும். கூட்டுவதைவிடக் குறைப்பது இன்னும் மேல்: குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் இருந்தால் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள், பேஸைத் தொடாமலே குரல் முன்னுக்கு வரும். டிஜிட்டலில் குறைத்தால் பிட் இழப்பாகிவிடுமே என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒரு பிட் என்பது ஏறத்தாழ 6 டெசிபல். 24 பிட் வெளியீட்டில் 12 டெசிபல் குறைத்தால் போவது 2 பிட். மிஞ்சும் 22 பிட்டின் கீழ்ப்படிகள் ஆம்பின் சொந்த இரைச்சலுக்கும் அடியில் கிடப்பவை. அந்த இழப்பு காதுக்கு எட்டாது.

காசு செலவழிக்கும் முன் பார்க்க வேண்டியவை சில. புளூடூத் ஹெட்ஃபோனின் மைக்கை ஏதாவது ஒரு செயலி திறந்தால் போதும், வழக்கமான புளூடூத் இணைப்பு இசைத்தடத்தை விட்டுத் தொலைபேசித் தடத்துக்கு மாறிவிடும். அப்போது ஸ்டீரியோ போய்விடும். மாதிரி வீதம் 16 அல்லது 8 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கும். மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தாலே இது தீரும். அழைப்பு வரும்போது மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைக்கும் ஒரு தெரிவு விண்டோஸின் பழைய சவுண்ட் பலகத்தில், 'கம்யூனிகேஷன்ஸ்' தாவலில் இருக்கிறது. 'ஒன்றும் செய்யாதே' என்று அதை மாற்றி வையுங்கள். இயர்பேட் தேய்ந்திருந்தாலும், கண்ணாடிக் காம்பு இடையில் புகுந்து இடைவெளி விட்டாலும் பேஸ் அந்த வழியே ஒழுகிப் போகும். அதை எந்த ஈக்வலைசராலும் முழுதாக மீட்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் போதவில்லை என்றால் அது மின்னழுத்தத்தின் குறை. 1 வோல்ட் தரும் ஜாக்கிலிருந்து 32 ஓம் ஹெட்ஃபோனுக்குப் போவது சுமார் 31 மில்லிவாட். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 3.3 மில்லிவாட்தான். உணர்திறன் ஒன்றே என்றாலும் இது 10 டெசிபல் வித்தியாசம். காதுக்குப் பாதிச் சத்தம்போல் கேட்கும். இதை உணர்ந்துதான் ஆப்பிள் 2021-இல் வந்த மேக்புக் ப்ரோவிலிருந்து, 150 ஓமுக்கு மேற்பட்ட ஹெட்ஃபோனைச் செருகினால் 3 வோல்ட் வரை தரும்படி ஜாக்கை அமைத்தது. மற்றவர்களுக்கு யூஎஸ்பியில் செருகும் சிறிய ஆம்ப் போதும். வாங்கும்போது வாட் கணக்கோடு வெளியீட்டு மின்மறுப்பையும் பாருங்கள். அது ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். மீறினால் சில ஹெட்ஃபோன்களில் பேஸ் தானாகவே வீங்கும். விலையேறிய கேபிளால் இதில் எதுவும் மாறாது.

ஆம்ப் வந்த பிறகு எச்சரிக்கையும் வேண்டும். அமெரிக்காவின் தொழில்நலக் கழகமான நியோஷ் 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரத்தை வரம்பாக வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். செருகும் முன் ஆம்பின் குமிழை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் வால்யூமை உயரத்தில் வைத்து, குமிழை மெல்லத் திருப்புங்கள். வெளியே மின்விசிறியும் சாலை இரைச்சலும் இருப்பதால்தான் கூட்டத் தோன்றுகிறது என்றால், காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனோ, காதுக்குப் பொருந்தும் சிலிக்கான் முனையோ அந்த இரைச்சலைத் தடுக்கும். குமிழைத் தொடவே வேண்டியிருக்காது.