ஊர்ப்பெயரும் நகர வீடும்

ஒருவரைக் கண்டதும் "எந்த ஊர்?" என வினவுவது தமிழர் வழக்கம். நம் சமுதாயத்தாரிடையே அவ்வினா இன்னும் சற்று ஆழமானது. காயல்பட்டினம் என்றால் ஒன்று, கம்பம் என்றால் மற்றொன்று. மரைக்காயரா, இராவுத்தரா என்பதைப் பெரும்பாலும் ஊர்ப்பெயரே உணர்த்திவிடும். நகரில் குடியேறியபின் இவ்வடையாளம் என்னவாகிறது?

அமெரிக்க மானிடவியல் அறிஞர் மேட்டிசன் மைன்ஸ் 1960களின் பிற்பகுதியில் சென்னையையடுத்த பல்லாவரத்தில் தங்கித் தமிழ் முஸ்லிம் வணிகரை ஆராய்ந்தார். 1972இல் அவர்தம் நூலும், 1975இல் இதன் தொடர்பான கட்டுரையும் வெளிவந்தன. சொந்த ஊரில் குடிப்பெயரும் உட்பிரிவும் ஒருவர்க்கு இடம் தந்தன. பல ஊரார் கலந்து வாழும் நகரில் அவற்றின் பொருள் குன்றியது. அங்கு முஸ்லிம் என்னும் பொது அடையாளமே முதன்மை பெற்றது. மார்க்கப் பற்று மதிப்பின் அளவுகோலாயிற்று என்பது அவர் முடிபு. நகரம் சமயப் பற்றைத் தேய்க்கும் என்னும் பொதுக்கருத்துக்கு இது நேர்மாறானது.

இம்முடிபை நாம் பெரிதும் ஏற்கிறோம். நகரப் பள்ளிவாசலில் தோளோடு தோள் நிற்பவரின் ஊரை நாம் அறிவதில்லை. அறியவேண்டிய தேவையும் எழுவதில்லை. எனினும் கடையிலிருந்து நோக்கினால் நகரம் ஒருவாறும், வீட்டிலிருந்து நோக்கினால் வேறொருவாறும் தோன்றும்.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரையூர்களில் மணமானபின் மாப்பிள்ளையே பெண்வீட்டிற்கு வருவார். வீடு மகளுக்கு உரியது. காயலில் வீடுகளுக்கிடையே பெண்கள் நடமாடுதற்கெனக் குறுகிய முடுக்குகளும் உண்டு. நம் உறவுப்பெண் ஒருத்தி சென்னையில் அடுக்குமாடியில் குடிபுகுந்த நாளில், "கதவைத் திறந்தால் படிக்கட்டுதான் இருக்கு, உம்மா வீட்டுக்குப் போக வழியில்லையே" என்றாள். ஆடவர் சதுர அடியைப் பேசிக்கொண்டிருக்க, அவள் முடுக்கைத் தேடினாள்.

நாமறிந்தவரை, நகர வீடு வங்கிக்கடனில் கணவர் பெயரிலேயே வாங்கப்படுகிறது. ஊரில் வீட்டிற்கு உரியவளாயிருந்தவள் நகரில் கணவர் வீட்டில் குடியிருப்பவளாகிறாள். எந்த ஜமாஅத்தும் கூடி இதனைத் தீர்மானிக்கவில்லை; பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஓசையின்றி நிகழ்ந்துவிட்டது. மகளுக்கு வீடு கட்டித்தரும் சுமையால் நலிந்த தந்தையரையும் நாம் அறிவோம். ஆதலின் பழவழக்கு முற்றும் நன்றென்று கூறோம். ஆயினும் உட்பிரிவு மறைந்ததென மகிழும் பெரியோர், உடன் மறைந்த இவ்வுரிமையையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பாட்டி, தாய், தாம் என மூன்று தலைமுறையிலும் வீட்டுப் பத்திரம் எவர் பெயரில் இருந்தது என்பதை நம் மாணவியர் வீடுதோறும் கேட்டுத் தொகுப்பாராயின், மைன்ஸ் விட்ட இடத்திலிருந்து ஓர் ஆய்வு தொடங்கும்.