காஷ்மீரத்து இளவேனில்

காஷ்மீரப் பள்ளத்தாக்கு, மலைகள் சூழ்ந்த பெரியதொரு கிண்ணம் போன்றது. அதன் அடித்தளமே கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கு வாழ்வோர் கடுங்குளிர்க் காலத்தை மூன்றாக வகுத்துள்ளனர். டிசம்பர் 21ஆம் நாள் தொடங்கும் 40 நாட்கள் 'சில்லாய் கலான்'. அதனை அடுத்த 20 நாட்கள் 'சில்லாய் குர்த்'. இறுதி 10 நாட்கள் 'சில்லாய் பச்சா'. பெருங்குளிர், சிறுகுளிர், குழந்தைக் குளிர் என அவற்றிற்குப் பொருள் கொள்ளலாம். மார்ச்சுத் தொடக்கத்தில் அக்குழந்தையும் விடைபெறுகின்றது. ஆயினும், விடைபெற்றுப் படியிறங்கிய விருந்தினர் மறந்துபோன மேலாடைக்காகத் திரும்புவது போலக் குளிரும் ஏப்ரல் வரையில் திரும்பித் திரும்பி வரும்.

மார்ச்சுத் திங்களில், ஸ்ரீநகரில் ஹரிபர்வதக் குன்றின் அடிவாரத்திலுள்ள 'பாதாம்வாரி' என்னும் தோட்டத்தில் வாதுமை மரங்கள் இலை விடுமுன்னரே பூத்து நிற்கும். அவற்றைக் காண மக்கள் திரள்வர். அவருள் முதியோரை உற்று நோக்கினால், 'பெரன்' எனப்படும் நீண்ட கம்பளி அங்கியை அவர்கள் இன்னும் களையவில்லை என்பது புலனாகும். 'காங்கிரி' என்னும் கணப்புச் சட்டியும் அதனுள் இருத்தல் கூடும். அவர்கள் வெயிலை எளிதில் நம்புவதில்லை. பின்பனியும் இளவேனிலும் அங்கே ஒரே நாளில் மாறி மாறி வரும். காலையில் வெயில் காயும். மாலையில் மழை பொழியும். விடிந்து பார்த்தால் மலைச்சாரல் முழுதும் வெண்பனி போர்த்திருக்கும். பனி என்றவுடன் தமிழர்க்குப் புல்நுனித் துளியே நினைவிற்கு வரும். காஷ்மீரியர் 'ஷீன்' என்னும் பனியோ பஞ்சுபோல் இறங்கிக் கிளையை முறிக்கவும் வல்லது.

மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றிக் கிழக்கு நோக்கி வரும் காற்றுச் சுழற்சிகளே இம்மாற்றத்திற்குக் காரணம். அவை இமயத் தொடரில் மோதி மேலெழுந்து, மழையாகவும் பனியாகவும் பொழிகின்றன.

ஆப்பிள் தோட்டக்காரர் தை மாதக் குளிருக்கு அஞ்சுவதில்லை. உறங்கும் மொட்டு கடுங்குளிரையும் தாங்கும். அவ்வுறக்கத்திற்கு நெடுநாளைய குளிர் தேவையுங்கூட. அவர் அஞ்சுவது காலத்திற்கு முன் வரும் வெப்பத்திற்கே. 2024 ஜனவரியில் பனிக்குப் பெயர்பெற்ற குல்மார்க்கே பல நாட்கள் பனியின்றிக் கிடந்தது. அத்தகைய ஆண்டுகளில் வெப்பமும் மிகுமாயின் மொட்டு முந்தி விழித்துக்கொள்ளும். விழித்தபின் அதற்குப் பழைய வலிமை இல்லை. முற்றும் மலர்ந்த ஆப்பிள் பூக்களுள் பத்தில் ஒன்று, வெப்பநிலை உறைநிலைக்கு 2 பாகை கீழே இறங்கினாலே கருகத் தொடங்கும். 4 பாகை இறங்கினால் பெரும்பாலானவை மடியும்.

பனி பெய்யும் பொழுதைக் காட்டிலும் அது நின்று வானம் தெளியும் இரவே கொடியது. முகிற்போர்வை விலகியதும் நிலத்தின் வெப்பம் வானிற்கு எழுந்துவிடும். குளிர்ந்த காற்று தாழ்வான இடங்களை நோக்கி வடிந்து தேங்கும். பள்ளத்துத் தோட்டம் கருக, அடுத்த சரிவிலுள்ள தோட்டம் பிழைப்பதும் உண்டு. விண்மீன்கள் ஒளிரும் அவ்விரவில் முகிலை வேண்டி நிற்பவர் தோட்டக்காரர் ஒருவரே.

விடிந்ததும் அவர் மரத்தடிக்குச் செல்கிறார். இதழ்கள் என்னவோ வெண்மையாகவே இருக்கின்றன. ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்து நடுவே பார்க்கிறார், கறுத்திருக்கிறது. அடுத்ததும் அவ்வாறே. மூன்றாவது பசுமையாக உள்ளது. பத்துப் பூக்களில் ஒன்று காயானாலும் மரத்திற்குப் போதும். அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டே அடுத்த மரத்திற்கு நடக்கிறார்.