ஓடுற வரைக்கும்தான் அது நீரூற்று

 

போன வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா கேட்டாங்க: "உங்க வீட்டு ஹால்ல பிள்ளையார் நீரூற்று ஒண்ணு இருக்கே, எங்க வாங்கினீங்க? வீட்டுல வச்சா உடம்புக்கு ரொம்ப நல்லதாமே. காத்து சுத்தமாகுமாம், நல்லாத் தூக்கம் வருமாம். நாங்களும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம்." பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களும் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பார் கொதிக்கிற நேரத்தில் முழுக்கதையும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கணவன் மனைவி இருவருமே சமையற்கட்டுத் தொண்டூழியர்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அப்பா இறந்த பிறகு அம்மா எங்களோடு வந்துவிட்டார். எங்கள் வீடு நான்காம் மாடியில், விரைவுச்சாலைப் பக்கம். ராத்திரி முழுக்க லாரியும் மோட்டார் சைக்கிளும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் அம்மா சோபாவில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், "தூக்கம் வரலப்பா, நீங்க போய்ப் படுங்க" என்பார். தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் அந்தச் சின்ன மேசை நீரூற்றை வாங்கினோம். மேலே பிள்ளையார், கீழே ஒரு கிண்ணம், உள்ளே குட்டி மோட்டார். கிண்ணத்துத் தண்ணீரையே மேலே ஏற்றி மறுபடியும் விழவைக்கும்.

உண்மையைச் சொல்லணும், அது அம்மாவுக்கு உதவியது. சலசலவென்ற சத்தத்தில் சாலை இரைச்சல் அமுங்கிப் போனது. இரண்டே வாரத்தில் அம்மா பதினொரு மணிக்குப் படுக்கப் போக ஆரம்பித்தார். "ஊர்ல வாய்க்கால் பக்கத்துல படுத்த மாதிரி இருக்கு" என்றார். இது வெறும் நம்பிக்கை இல்லை. இயற்கை ஒலிகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் ஓர் அறிவியல் கட்டுரை வந்தது. எரிச்சலையும் மன அழுத்தத்தையும் குறைப்பதில் பறவைச் சத்தமும், மனதுக்குத் தெம்பு கொடுப்பதில் தண்ணீர்ச் சத்தமும் முன்னால் நின்றன.

ஆனால் பெட்டியின் மேல் போட்டிருந்த மற்ற நன்மைகள் வேறு கதை. "நெகட்டிவ் அயான்" வரும், மனக்கவலை போகும் என்று இருந்தது. விழுகிற தண்ணீர் சிதறும்போது காற்றில் மின்னூட்டம் உண்டாவது உண்மைதான். லெனார்ட் என்ற விஞ்ஞானி அதை 1892-லேயே எழுதிவிட்டார். ஆனால் இந்த அயான்களைப் பற்றிய ஆய்வுகளை 2013-ல் திரட்டிப் பார்த்தவர்கள், பதற்றத்துக்கோ தூக்கத்துக்கோ நிலையான பலன் எதையும் காணவில்லை. மனச்சோர்வுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்தது, அதுவும் அயான்களை மிக அடர்த்தியாக வெளியிடும் தனிக்கருவிகளில். "காற்று வறண்டு போகாது" என்றும் போட்டிருந்தது. குளிர்காலத்தில் ஹீட்டர் போடுகிற நாட்டுக்கு அது சரி. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். இங்கே காயப்போட்ட துணியே காய மாட்டேங்குது, இன்னும் ஈரம் எதுக்கு?

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

கும்பாபிஷேகம் முடிந்து 48 நாள் மண்டலாபிஷேகம் நடந்ததே, அப்போது நாங்கள் வேலை முடிந்ததும் நேராகக் கோயிலுக்குத்தான் போவோம். வீட்டுக்கு வர இரவு பத்தரை ஆகும். இடையில் எப்போதோ நீரூற்று மோட்டார் நின்றுவிட்டது. அம்மா ஒருநாள் சொல்லவும் செய்தார், "தண்ணிச் சத்தம் கேக்கலப்பா" என்று. "கோயில் வேலை முடியட்டும்மா, பாத்துக்கலாம்" என்றோம்.

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்தோம். மூன்றாம் நாள் எலும்பெல்லாம் வலிக்குது, கண்ணுக்குப் பின்னால் வலிக்குது என்றார். ரத்தப் பரிசோதனையில் டெங்கி. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய ரத்தத் தட்டணுக்கள் 28,000-க்கு இறங்கிவிட்டன. ஆறு நாள் ஆஸ்பத்திரியில். அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயசு. அந்த ஆறு நாளும் நாங்கள் என்ன வேண்டிக்கொண்டோம் என்பது அந்த அம்மனுக்குத்தான் தெரியும்.

எங்கள் புளோக்கில் வீடு வீடாகச் சோதித்த அதிகாரிகள் பிள்ளையார் கிண்ணத்தில் டார்ச் அடித்தார்கள். உள்ளே புழுக்கள் நெளிந்தன. 200 வெள்ளி அபராதம். பணம் வலிக்கவில்லை. அந்தக் கிண்ணத்துக் கொசுதான் அம்மாவைக் கடித்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. இல்லை என்று எங்களாலும் சொல்ல முடியாது. அபிஷேகத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தோம். வீட்டில் ஒரு கிண்ணத் தண்ணீரைக் கொட்ட நேரம் ஒதுக்கவில்லை.

ஓடுகிற தண்ணீரை ஏடிஸ் கொசு விரும்பாது. நின்ற தண்ணீரில் முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள சுவரில்தான் முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால் கொட்டினால் மட்டும் பத்தாது, தேய்த்துக் கழுவணும். ஓடிக்கொண்டே இருந்தாலும் அழுக்காக விடக்கூடாது. 2005-ல் அமெரிக்காவின் சவுத் டகோட்டாவில், ஓர் உணவகத்தில் இருந்த சின்ன அலங்கார நீரூற்றிலிருந்து 18 பேருக்கு லீஜனல்லா கிருமியால் நுரையீரல் நோய் வந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்கிற கிருமி அது. தெறிக்கிற நுண்துளியோடு மூச்சில் போகும். வயதானவர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

அம்மா தேறி வந்ததும் நீரூற்றைத் தூக்கிப் போடப் போனோம். அம்மாதான் தடுத்தார். "பிள்ளையார் என்னப்பா பண்ணுவாரு? நாமதானே பாக்கல" என்றார். புது மோட்டார் போட்டோம். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குக் கிளம்பும் முன் தண்ணீரைக் கொட்டி, பிரஷ் போட்டுத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றுகிறோம். சத்தம் நின்றால் அன்றைக்கே கிண்ணம் காலி. ஊருக்குப் போனால் காயவைத்துக் கவிழ்த்துவிடுவோம். பூ மிதக்கும் உருளி, பூச்சாடி, செடித்தட்டு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

இன்னொன்று. டெங்கியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் ஆஸ்பிரின், புரூஃபன் நீங்களாகவே சாப்பிடாதீர்கள். ரத்தக்கசிவு கூடிவிடும். காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அக்கா, உங்களுக்குப் பதில் இதுதான். தண்ணீர்ச் சத்தம் நல்லது, வாங்குங்க. வாரா வாரம் கழுவ முடியுமான்னு மட்டும் முதல்ல யோசிச்சுக்கோங்க. முடியாதுன்னா கைப்பேசியில ஓடைச் சத்தம் போட்டுக் கேளுங்க, அதுல கொசு வராது.

வீட்டில் பெரியவங்க "சத்தம் கேக்கலப்பா" என்று சொன்னால், எந்த வேலை இருந்தாலும் எழுந்து போய்ப் பாருங்கள்.

வரும் வெள்ளி காய்கறி நறுக்க ஆள் வேணும், ஐந்து மணிக்கே வந்துவிடுங்கள். அம்மாவும் வருகிறார், வெங்காயம் உரிக்க.

அம்மன் அருள் எல்லோருக்கும் கிடைக்கட்டும்.