உளிக்கும் ஏசிக்கும் ஒரே வரி

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு வந்து 14 கிலோமீட்டர் நடந்து திரும்பும் லட்சக்கணக்கானோர் கண்ணில் படாத வியாபாரம் ஒன்று இந்த ஊரில் நடக்கிறது. செங்கம், தண்டராம்பட்டு, போளூர், கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கும் இளைஞர்கள், கோயிலைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களிலும் ஊரைவிட்டு வெளியேறும் சாலைகளிலும் உள்ள ஹார்டுவேர் கடைகளில் கருவி வாங்கிப் போகிறார்கள். கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட ஸ்பேனர், பெட்டியில் குவித்த உளி, கண்ணாடி மேசைக்கடியில் டிரில் பிட், பின்னலமாரியில் ‘சைனா மால்’ என்று சொல்லி எடுத்துத் தரும் கிரைண்டரும் டிரில்லிங் மிஷினும். பெயர் பெற்ற கம்பெனி மிஷினை வாங்க முடியாதவர்களுக்கு இந்த மலிவுக் கடைகள்தான் வழி. அங்கே சில ஆண்டுகளாக விலை ஏறிக்கொண்டே போகிறது. தக்காளி விலை ஏறினால் தலைப்புச் செய்தி ஆகிறது. உளி விலை ஏறினால் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் கருவி என்பது செலவு அல்ல, முதலீடு. ஏழை போடக்கூடிய ஒரே முதலீடு பெரும்பாலும் அதுதான். ஆனால் நம் வரிச்சட்டம் அதைச் செலவாகவே பார்க்கிறது.

சொந்தமாக ஒரு மார்பிள் கட்டரும் கிரைண்டரும் ரசமட்டமும் இருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தால் இது விளங்கும். டைல்ஸ் வேலையில் மிஷின் இல்லாதவர் கையாள். மேஸ்திரி கொடுக்கும் நாள்கூலிதான் அவருக்கு. மிஷின் இருப்பவர் சதுர அடிக் கணக்கில் வேலை பேசலாம், தனக்குக் கீழே இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம், பெங்களூருக்கோ சென்னைக்கோ பையைத் தூக்கிக்கொண்டு போனாலும் தன் விலையைத் தானே சொல்லலாம். இந்த மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்காக வெளியூர் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் கூலியாகவே காலம் தள்ளுகிறவருக்கும் நாலு வருஷத்தில் தனியாக வேலை எடுப்பவருக்கும் உள்ள வேறுபாட்டில் திறமைக்குப் பங்கு உண்டு. பையில் என்ன இருக்கிறது என்பதற்கும் அதே அளவு பங்கு உண்டு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கருவி ஊர்க் கொல்லரின் உலையில் பிறந்து, அப்பன் கையிலிருந்து பிள்ளை கைக்குப் போனது. தொழிலும் அப்படியே சாதிக்குள் சுற்றி வந்தது. கடையில் காசு கொடுத்தால் கிடைக்கும் ஆயத்தக் கருவி அந்த வேலியைப் பெருமளவு தாண்ட வைத்தது. உன் அப்பா என்ன தொழில் செய்தார் என்று எந்தக் கல்லாவிலும் கேட்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே மலிவுக் கருவிக் கடையை ஒரு சமூக நிறுவனமாக மதிக்கலாம் என்பேன்.

விலை ஏன் ஏறுகிறது? கடைக்காரரின் பேராசை என்று முடித்துவிடுவது எளிது, ஆனால் உண்மை மிஷினுக்குள்ளே இருக்கிறது. நாலு இஞ்ச் கிரைண்டர் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள்: செம்புக் கம்பி சுற்றிய ஆர்மேச்சர், அதைச் சுற்றி ஃபீல்டு காயில், இரண்டு கார்பன் பிரஷ், இரண்டு மூன்று பேரிங், ஒரு ஜோடி பல்சக்கரம், ஒரு சுவிட்ச், வயர். இதில் விலையைத் தீர்மானிப்பது முதலில் செம்பு. 2020 மார்ச்சில் டன் 5,000 டாலருக்குக் கீழே இருந்த செம்பு 2025 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. டாலரும் சும்மா இருக்கவில்லை. 2011 நடுவில் 45 ரூபாய் அளவில் இருந்தது, 2025 டிசம்பரில் 90 ரூபாயைக் கடந்தது. உலகக் கைக்கருவி ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி சீனாவுடையது. அங்கிருந்து டாலரில் வாங்கும் சரக்குக்கு, அங்கே விலை ஏறாவிட்டாலும் இங்கே இரண்டு மடங்கு ரூபாய் கொடுத்தாக வேண்டும். சுவரில் துளை போடும் பிட்டின் நுனியைப் பாருங்கள், அம்புமுனை போல ஒரு சின்னத் துண்டு பற்றவைத்திருக்கும். அது டங்ஸ்டன் கார்பைடு. உலக டங்ஸ்டனில் சுமார் 80 சதவீதத்தைத் தோண்டி எடுக்கும் சீனா, 2025 பிப்ரவரியில் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஓராண்டுக்குள் உலகச் சந்தையில் அதன் விலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. வல்லரசுகளின் வர்த்தகச் சண்டை, செங்கல் சுவரில் துளை போட வந்தவரின் பையில் இப்படித்தான் வந்து இறங்குகிறது.

விலை ஏற்றம் எப்போதும் விலைச்சீட்டில் தெரிவதும் இல்லை. மலிவுச் சந்தையில் வாங்குபவர் ஒரு தொகைக்கு மேல் தரமாட்டார் என்று தயாரிப்பவருக்குத் தெரியும். அதனால் விலையை ஒரு பங்கு ஏற்றி, பொருளில் இரண்டு பங்கைக் குறைத்துவிடுகிறார்கள். செம்புக் கம்பியின் இடத்தில் அலுமினியக் கம்பி வருகிறது. சீக்கிரம் சூடாகிறது, காயில் கருகுகிறது. வயர் ஒரு முழம் குறைகிறது. பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புஷ் உட்கார்ந்திருக்கிறது. கையில் தூக்கினால் மட்டும் எடை குறைந்தது தெரியும். அனுபவம் உள்ளவர் அதனால்தான் மிஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் கையில் வைத்துப் பார்க்கிறார். முதல் மிஷின் வாங்க வரும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு இந்த வித்தை தெரியாது. அவன் கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த ஆயுளை வாங்கிப் போகிறான்.

செம்பின் விலையையும் டாலரின் மதிப்பையும் நாம் இங்கிருந்து மாற்ற முடியாது. மாற்றக்கூடியது வரி. மண்வெட்டி, கோடாரி, அரிவாள் போன்ற வேளாண் கைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே அப்படி முடிவு செய்தார்கள், அது சரியான முடிவு. ஆனால் உளி, இழைப்புளி, சுத்தியல், கொத்துக்கரண்டி, அரம், ஸ்பேனர், டிரில், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் 18 சதவீதம். உழவன் கைக்கருவிக்கு வரி கூடாதென்றால் தச்சன் கைக்கருவிக்கு எந்த நியாயத்தில் வரி? 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்களைத் திருத்தினார்கள். தையல் மிஷினுக்கு 12இலிருந்து 5 ஆனது. டிராக்டருக்கும் அப்படியே. ஏசிக்கு 28இலிருந்து 18 ஆனது. கைக்கருவிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இதன் விளைவு, கிரிவலப் பாதையை ஒட்டி எழும்பும் விடுதியில் மாட்டும் ஏசிக்கும் 18 சதவீதம், அதை மாட்டச் சுவரில் துளை போடுகிறவரின் டிரில்லுக்கும் 18 சதவீதம். ஒன்று சொகுசு, மற்றொன்று பிழைப்பு.

அந்த 18 சதவீதமும் எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. செய்யாறு சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலை மிஷின் வாங்கினால், அதற்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் தான் விற்கும் பொருளுக்கான வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற, 18 சதவீத வரி வசூலிக்கும் கட்டட ஒப்பந்தக்காரரும் அப்படியே. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருப்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. அது அவருக்குக் கொடுத்த சலுகைதான், ஆனால் பதிவு இல்லாதவர் கழித்துக்கொள்ளவும் முடியாது. சட்டத்தின் கண்ணில் அவர் மிஷினை வைத்துத் தொழில் செய்பவர் அல்ல, வாங்கி அனுபவிக்கும் நுகர்வோர். 11,800 ரூபாய்க்கு அவர் கருவி வாங்கினால் அதில் 1,800 ரூபாய் வரி. ஒரு பைசா திரும்பாது. பெரியவர் கட்டுவது கைமாற்று, சிறியவர் கட்டுவது முழுச் செலவு.

இதற்கு வரும் மறுப்புகளில் சில வலுவானவை. ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து இந்த 18 சதவீதம் மாறவே இல்லையே, விலை ஏற்றத்துக்கு அது எப்படிக் காரணமாகும் என்று கேட்கலாம். காரணம் அல்ல, உண்மை. ஆனால் வரி சதவீதத்தில் இருப்பதால் செம்பும் டாலரும் ஏற்றிய ஒவ்வொரு நூறு ரூபாயோடும் இன்னொரு பதினெட்டு ஒட்டிக்கொள்கிறது. மற்றவர்களால் நேர்ந்த சுமையின் மேல் அரசும் தன் பங்கை வைக்கிறது. கூலியும்தான் ஏறிவிட்டதே என்பது இரண்டாவது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கொத்தனார் எத்தனை நாள் உழைத்தால் ஒரு டிரில் வாங்கியிருக்க முடியும், இப்போது எத்தனை நாள் என்று கணக்குப் போட்டால், இப்போதைய நிலை மேல்தான். இதை மறைக்கக் கூடாது. அந்தக் கணக்கு தேர்ந்த கொத்தனாருக்குப் பொருந்தும். கருவி முதன்முதலாகத் தேவைப்படுவது கையாளுக்கு. அவருக்கு மாதம் முழுக்க வேலை இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டுக்குப் பெரும்பாலும் யாரும் அஸ்திவாரம் போடுவதில்லை, ஐப்பசி மழையில் பூச்சு வேலை நிற்கும். மிஷின் ஒருமுறை வாங்குவது, பிளேடும் பிட்டும் கார்பன் பிரஷும் தீரத் தீர வாங்குவது. அந்தச் சில்லறைச் செலவு கூலியில் எவ்வளவு தின்கிறது என்பதை நாள்கூலி ஏற்றம் காட்டாது.

மலிவு மிஷின் குப்பைதானே, விலை ஏறி அது ஒழிந்தால் நல்லதல்லவா, நல்லதாக ஒன்று வாங்கினால் பத்து வருஷம் உழைக்குமே என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. இதைச் சொல்பவர்கள் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் எடுத்து வைக்கக்கூடியவர்கள். முதல் மிஷின், தொழில் தனக்குச் சரிப்படுமா என்று பார்ப்பதற்கு. அதில் சம்பாதித்துத்தான் இரண்டாவதாகக் கம்பெனி மிஷின் வாங்குவார்கள். கீழ்ப்படியை எடுத்துவிட்டால் மேல்படிக்கு எப்படிப் போவது? ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்றால், கிடைக்கிறதுதான். ஆனால் பாதி வேலையில் காயில் போனால் அன்றைக்கே மாற்றித் தரவும், சனிக்கிழமை கூலி வந்ததும் கொடு என்று பிட்டைக் கடனாகத் தரவும் ஆன்லைனில் ஆள் இல்லை. அமெரிக்காவில் 1977இல் தொடங்கிய ஹார்பர் ஃபிரெய்ட் போன்ற மலிவுக் கருவிக் கடைகளிலும், சீனப் பொருள்களுக்கு அந்நாடு போட்ட இறக்குமதி வரியால் விலை ஏறியிருக்கிறது. அங்கே அந்தக் கடைக்கு வருபவர்களில் பலர் வார விடுமுறையில் தங்கள் கார் ஷெட்டைத் தாங்களே பழுது பார்க்கிறவர்கள். நம் ஊரில் அந்தக் கடையை நம்பியிருப்பது அடுத்த நாள் சோறு.

இறக்குமதியைக் கட்டுப்படுத்தினால் இங்கேயே கருவி செய்வார்கள் என்ற வாதத்தில் எனக்கு அனுதாபம் உண்டு. ஜலந்தரும் லூதியானாவும் நாகூர் என்னும் ராஜஸ்தான் ஊரும் கைக்கருவிக்குப் பெயர் போனவை. ஸ்வீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1969இல் கருவி செய்யத் தொடங்கிய டாபாரியாவின் கட்டிங் பிளேயர் இல்லாத எலக்ட்ரீஷியன் பை தமிழ்நாட்டில் அரிது. ஆனால் 2025 ஏப்ரலில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே, சீனாவைவிட நம் கருவித் தயாரிப்புக்கு 14 முதல் 17 சதவீதம் கூடுதல் செலவாகிறது என்கிறது. எஃகு போன்ற மூலப்பொருள்களின் மீதுள்ள இறக்குமதி வரியையும் தரக்கட்டுப்பாட்டு ஆணைகளையும் சீராக்கச் சொல்கிறது. அதே மாதம்தான் தகட்டு எஃகுக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி விதிக்கப்பட்டது. எஃகைக் காப்பாற்றப் போட்ட வரி, அந்த எஃகிலிருந்து கருவி செய்பவரை அழுத்துகிறது. இந்நிலையில் இறக்குமதிக் கருவியையும் தடுத்தால் பட்டறைக்காரர் பிழைக்க மாட்டார், வாங்குபவர் மட்டும் இரட்டிப்பாக இழப்பார்.

நான் கேட்பது வரிவிலக்கு அல்ல, தையல் மிஷினுக்குக் கொடுத்த அதே 5 சதவீதம். விலக்கு கொடுத்தால் தயாரிப்பவர் எஃகுக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாமல் விலையிலேயே ஏற்றிவிடுவார்; மண்வெட்டிக்கு இப்போது அந்தச் சிக்கல் இருக்கிறது. 5 சதவீதம் என்றால் கழிவும் கிடைக்கும், மிஞ்சியதைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் வழி உண்டு. குறைத்த வரியைக் கடைக்காரர் விழுங்கிவிடுவார் என்ற அச்சம் ஓரளவு நியாயம்தான், ஆனால் அடுத்தடுத்து நாலு கடை இருக்கும் தெருவில் அது நெடுநாள் நடக்காது. பணக்காரரும் மலிவாக டிரில் வாங்கிக்கொள்வார் என்றால், தையல் மிஷின் மட்டும் ஏழை வீட்டிலா இருக்கிறது?

இந்த விகிதங்களை முடிவு செய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இருக்கை இருக்கிறது. கைவினைஞர்களுக்கு 15,000 ரூபாய் வரை கருவிப்பெட்டிக்குத் தரும் மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை, அது குலத்தொழிலை ஊக்குவிக்கிறது என்று சொல்லி மாநில அரசு ஏற்கவில்லை. பதிலாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கி, 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் 50,000 வரை மானியமும் அறிவித்தது. குறைந்தபட்ச வயது 35. படிக்க வேண்டிய பிள்ளையை அப்பன் தொழிலுக்கு இழுக்கக் கூடாது என்பதற்காக வைத்த வயது அது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் படிப்பு முடித்தோ முடிக்காமலோ, தன் வீட்டில் யாரும் செய்யாத ஒரு தொழிலைத் தானே தேர்ந்துகொண்டு இருபது வயதில் முதல் மிஷின் வாங்க வருகிறவருக்கு இந்த மத்தியத் திட்டமும் இல்லை, இந்த மாநிலத் திட்டமும் இல்லை. அவருக்கு இருப்பது அந்த மலிவுக் கடை ஒன்றுதான். சாதி பாராமல் தொழில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதாடிய மாநிலம், அந்தத் தேர்வுக்கான கருவியின் வரியைக் குறைக்கவும் அடுத்த கவுன்சில் கூட்டத்தில் வாதாடலாம். உளிக்கு 5 சதவீதம் என்று ஒரு வரி எழுதினால் போதும், அதற்குத் தனித் திட்டமோ விண்ணப்பமோ வயது வரம்போ தேவைப்படாது.