உருகி உறைந்த ஐஸ்கிறீமும் கடைக்காரரின் பதிலும்

இலங்கையின் தில்லையடி வெக்கையில் ஒரு சின்ன ஐஸ்கிறீம் கடையிடம் நான் எதிர்பார்க்கும் முதல் மரியாதை, குளிரைக் காப்பதுதான். மைனஸ் 18 பாகை செல்சியஸ் அளவில் இருக்கவேண்டிய ஐஸ்கிறீம் உருகி மறுபடி உறைந்தால் பனிப்பரல்கள் பெருத்து நாக்கில் நறநறக்கும்; உள்ளிருந்த காற்று போய்க் கிண்ணத்தில் பாதிவரைகூடச் சுருங்கும். லிஸ்டீரியா போன்ற கிருமிகள் உறைகுளிரிலும் பிழைத்திருந்து, உருகும் நேரத்தில் பெருகக்கூடியவை. அப்படியொரு கிண்ணத்தை மாற்றிக் கேட்கும் பிள்ளையை “வேணுமெண்டா எடு, இல்லாட்டி வை” என்று விரட்டுவது வெறும் முகச்சுளிப்போடு முடிகிற விஷயமில்லை.

“சின்னக் கடை, கரண்ட் பில் ஏறிக் கிடக்கு, மின்வெட்டுக்கு அவர் என்ன செய்வார்?” என்பார்கள். நியாயமான கேள்விதான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் போனபோது இந்தக் கடைக்காரர்கள் பட்ட நட்டம் பெரிது. ஆனால் அந்த நட்டத்தைச் சொல்லாமல் வாங்குபவரின் கையில் திணிப்பதற்கு வறுமை காரணமாகாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பெட்டிக்கடைக்கும் பொருந்தும். அந்த அதிகாரசபையிடம் முறையிட 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. அதற்கு முன், உருகியதை ஒதுக்கிவைத்து, விநியோகிப்பவரிடம் மாற்றித் தரும்படி கடைக்காரரே கேட்கலாம். நாமும் அவரோடு நின்று கேட்கவேண்டும்.